உங்களுக்குத் தெரியுமா? தலைப்பாகை கட்டி ஆடிய கல்லூரிக் கால்பந்து

கல்லூரி ஃபுட்பால் என்றதும் ஜோனல் மேட்ச், இன்டர்-ஜோன், யூனிவர்சிட்டி டீம் செலக்‌ஷன், அதற்கப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை என்றுதான் நம் நினைப்பு ஓடும். இந்த வாரம் இன்னும் பின்னே போவோம். மாணவர்கள் தாங்களே விதி வகுத்து, தாங்களே ரயில் ஏறி, ஒரு பருவம் முழுக்க ஆடித் தீர்த்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கதையின் ஒரு நுனி நம் பழைய வடாற்காடு மாவட்டத்திலும் முடிச்சுப் போட்டிருக்கிறது.

இரண்டே ஆட்டம், ஒரு முழுப் பருவம்

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் கால்பந்து ஆட்டம் நடந்தது 1869 நவம்பர் 6. ஊர், நியூஜெர்சி மாநிலத்து நியூ பிரன்சுவிக். உள்ளூர் ரட்கர்ஸ் கல்லூரியும் பக்கத்துப் பிரின்ஸ்டனும் மோதின. பக்கத்துக்கு 25 பேர். அத்தனை பேரும் ஒரே மைதானத்தில்! முதலில் ஆறு கோல் போடுகிறவர்களுக்கு வெற்றி என்று பேச்சு. ரட்கர்ஸ் 6–4 என்று ஜெயித்தது.

யார் எந்த அணி என்று அடையாளம் தெரிய வேண்டாமா? சட்டை தைத்துக்கொள்ளும் வழக்கமெல்லாம் அப்போது இல்லை. ரட்கர்ஸ் பையன்கள் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அந்தச் சிவப்புதான் இன்றுவரை அந்தப் பல்கலைக்கழகத்தின் நிறம்.

ஒரு வாரம் கழித்துப் பிரின்ஸ்டன் தன் ஊருக்கு அவர்களை அழைத்து 8–0 என்று திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது ஆட்டம் ஒன்றும் பேசி வைத்திருந்தார்கள், அது நடக்கவில்லை. ஆக 1869-ஆம் ஆண்டுப் பருவம் மொத்தமே இரண்டு ஆட்டம், ஆளுக்கு ஒரு வெற்றி. அதையும் ‘சீசன்’ என்று கணக்கில் ஏற்றி, வருடாவருடம் நினைவுகூர்கிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அன்று ஆடியது உருண்டைப் பந்து. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, எறியவும் கூடாது. இன்று அமெரிக்கர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஆடும் ஆட்டத்தைவிட, நம் செங்கம் பையன்கள் சாயங்காலம் ஆடும் ஆட்டத்துக்கே அது நெருங்கிய சொந்தம்.

ரட்கர்ஸுக்கும் வேலூருக்கும் என்ன உறவு?

ரட்கர்ஸ் கல்லூரியைத் தொடங்கியது டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை. அதே திருச்சபையைச் சேர்ந்தவர்கள்தான் 1853-இல் இங்கே ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். ஸ்கடர் குடும்பத்தார் அதன் தூண்கள், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தந்த ஐடா ஸ்கடர் அந்த வீட்டுப் பெண்தான்.

நியூஜெர்சியில் ரால்ஃப் வூர்ஹீஸ் என்று ஒரு கொடையாளர். கண் பார்வை இல்லாதவர். அவரும் மனைவி எலிசபெத்தும் கல்விக்கு அள்ளிக் கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரட்கர்ஸ் கல்லூரிக்கு நூலகம் எழுந்தது இவர் பணத்தில். இந்தக் குடும்பத்தின் கொடையால்தான் 1898-இல் தொடங்கிய வேலூர்க் கல்லூரிக்கும் எலிசபெத் ராட்மன் வூர்ஹீஸ் என்ற பெயர் வந்தது. நம் ஜனங்கள் வாயில் அது ஊரிசு கல்லூரி ஆகிவிட்டது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போகும் முன் படித்தது இங்கேதான்.

1989-இல் மாவட்டம் பிரியும் வரை செங்கமும் வேலூரும் ஒரே வடாற்காடு. தலைப்பாகை கட்டி முதல் ஆட்டம் ஆடிய கல்லூரியும், நம் தாத்தாக்கள் காலத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கப் போன கல்லூரியும் ஒரே வீட்டுக் கொடையில் வளர்ந்தவை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆறு நாளில் ஐந்து ஆட்டம்

கல்லூரிப் பருவங்களிலேயே எதை மறக்கக் கூடாது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது 1899-ஆம் ஆண்டுச் சிவானி அணியை. டென்னசி மாநிலத்தில் கம்பர்லாந்து மேட்டுநிலத்தின் மேல் இருக்கிற சின்னக் கல்லூரி அது. ஜவ்வாது மலைமேல் ஒரு கல்லூரி இருந்து, அதன் பையன்கள் கீழே இறங்கி வந்து சமவெளிப் பெரிய கல்லூரிகளையெல்லாம் வரிசையாகத் தோற்கடித்துவிட்டு மறுபடி மலையேறினால் எப்படி இருக்கும்? அதேதான் நடந்தது.

அணியின் மேலாளர் லூக் லீ, அவரும் மாணவர்தான். வழக்கமாக ஆடும் வாண்டர்பில்ட் கல்லூரியோடு டிக்கெட் வசூலைப் பங்கு பிரிப்பதில் தகராறு. அந்த ஆட்டம் இல்லை என்றாகிவிட்டது. பணத்துக்கு வழி? லூக் லீ ரயில் கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பயணத்தைப் போட்டார்.

நவம்பர் 9, வியாழன்: ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12–0.
மறுநாள் வெள்ளி: ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்டு எம் அணியை 10–0.
சனி: நியூ ஆர்லியன்ஸில் டுலேன் அணியை 23–0.
ஞாயிறு ஓய்வு.
திங்கள்: பேட்டன் ரூஜில் லூசியானா அணியை 34–0.
செவ்வாய், நவம்பர் 14: மெம்பிஸில் மிசிசிப்பி அணியை 12–0.

ஆறு நாள், ஐந்து ஆட்டம். எதிராளிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. ரயிலில் போன தூரம் சுமார் 4,000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லி போய்த் திரும்புகிற அளவு. ஒரு ஊரில் அடிபட்டு, இரவு ரயிலில் படுத்து, விடிந்தால் அடுத்த ஊரில் மறுபடி அடிபடக் களம் இறங்கினார்கள். வெளியூர்த் தண்ணீர் குடித்து வயிறு கெட்டால் ஆட்டம் போச்சு என்று தங்கள் மலைச் சுனைத் தண்ணீரைப் பீப்பாயில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊர் ஊராக டோர்னமென்ட் ஆடிப் பழகியவர்களுக்கு இந்த முன்யோசனையின் அருமை தெரியும்.

பருவம் முடிவில் 12 ஆட்டத்திலும் வெற்றி. போட்ட புள்ளி 322, விட்ட புள்ளி 10. அந்தப் பத்தும் ஒரே ஆட்டத்தில் போனது. ஆபர்ன் கல்லூரியை 11–10 என்று மயிரிழையில் வென்றார்கள். அன்று ஆபர்னுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜான் ஹெய்ஸ்மன். இன்று அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய பரிசு இவர் பெயரில்தான் இருக்கிறது.

லூக் லீ பிற்பாடு அமெரிக்க செனட்டர் ஆனார். அட்டவணை போட்ட கையல்லவா!

பத்தொன்பது சாவு

1905-ஆம் ஆண்டுப் பருவத்தில் அமெரிக்காவில் கால்பந்து ஆடி 19 பேர் இறந்ததாகச் சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை கணக்கு வெளியிட்டது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். மறு வருடமே விதிகள் மாறின. பந்தை முன்பக்கம் எறியலாம் என்ற விதி வந்ததும், ஆளோடு ஆள் மோதி நெரிபடும் ஆட்டம் மெல்ல மெல்ல விரிந்து பரந்தது.

நம்ம பி.டி. மாஸ்டர்களின் பூட்டனார்

பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், அதற்கு முன் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் கால்பந்து அணியில் ஆடியவர். காது கிழிந்துபோகாமல் இருக்கத் தலையில் ஒரு உறை செய்து மாட்டிக்கொண்டார்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டுச் சென்னைக்குக் கப்பலேறியவர் ஹாரி குரோ பக். 1920-இல் இங்கே உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் பக். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு விசில் மாட்டிக்கொண்டு வந்த பி.டி. மாஸ்டர்களின் பரம்பரையைப் பின்னோக்கிப் பிடித்தால் நந்தனம் வழியாக ஸ்பிரிங்ஃபீல்டு போய்ச் சேரலாம்.

முதல் பந்தே வேறு பந்து

கல்கத்தாக்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை இது. 1877 வாக்கில் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற ஹேர் பள்ளிச் சிறுவன், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பந்து ஆடுவதைப் பார்த்தான். பள்ளிக்கூடத் தோழர்களோடு காசு சேர்த்துக் கடையில் ஒரு பந்து வாங்கினான். கொண்டுவந்து ஆடினால் அது ரக்பி பந்து! பக்கத்துப் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் அதைக் கண்டு, சரியான பந்தைக் கொடுத்து ஆட்டத்தையும் சொல்லிக்கொடுத்தார். இந்தியர்களின் கால்பந்துக்குப் பிள்ளையார் சுழி ஒரு கல்லூரி வாசலில் விழுந்தது.

1911: தோற்ற கல்லூரியின் பெயரும் சரித்திரத்தில்

மோகன் பகான் வெறுங்காலோடு ஐ.எஃப்.ஏ. கேடயம் வென்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதில் கல்லூரிகளின் பங்கு அதிகம் பேசப்படவில்லை. முதல் சுற்றில் அவர்கள் வென்றது கல்கத்தா செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியை, 3–0. அணியின் சென்டர் ஃபார்வர்டு அபிலாஷ் கோஷ், ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர். பதினொரு பேரில் பூட்ஸ் போட்டு ஆடியவர் ஒரே ஒருவர், ஆசிரியராக இருந்த சுதீர் சட்டர்ஜி.

ஜூலை 29, இறுதி ஆட்டம். எதிரே கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். முதல் கோல் வெள்ளையருக்கு. கேப்டன் சிவதாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் அடித்த கோலில் 2–1. கூட்டத்தில் பின்னால் நின்றவர்களுக்கு மைதானமே தெரியாது. காற்றாடி பறக்கவிட்டு அவர்களுக்கு கோல் கணக்கு சொன்னார்கள்.

அந்தப் பதினொருவர் பெயரும் வங்காளத்தில் இன்றும் மனப்பாடம். கோல் அடித்த சிவதாஸ், அபிலாஷ் மட்டும் அல்ல, கோலி ஹீராலால் முகர்ஜியும் பேக் பூத்தி சுகுலும் சேர்த்துத்தான்.

பந்தின் வயிறு

அன்று ஆடிய பந்து இன்றைய பிள்ளைகள் பார்த்திராதது. தோல் துண்டுகளைத் தைத்த கூடு. உள்ளே ரப்பர் பிளாடர். பிளாடரின் வாலை வெளியே இழுத்து, பம்ப்பால் காற்றடித்து, மடக்கிக் கட்டி, கூட்டுக்குள் திணித்து, பூட்ஸுக்குக் கயிறு கோப்பது போல வாயைத் தோல் நாடாவால் இறுக்கித் தைக்க வேண்டும். அந்த முடிச்சு இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தடிப்பு எழும்பும். காய்ந்த பந்து 450 கிராமுக்குள். மழையில் தோல் தண்ணீர் குடித்துவிட்டால் கனம் கூடிவிடும். ஹெட் அடிக்கப் போகிறவன் ஒரு கணம் யோசிப்பான்.

கல்கத்தாவில் கால்பந்துப் பருவமே மழைக்காலம்தான். வெறுங்கால் ஆட்டக்காரர்களுக்குச் சேறு எமன், காய்ந்த தரை வரம்.

வைத்தியக் கல்லூரியிலிருந்து ஒலிம்பிக்குக்கு

சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கேப்டன் ஒரு மருத்துவ மாணவர். நாகர் இனத்து தாலிமெரென் ஆவ். மலைக்கிராமமான சங்கியில் பிறந்து, கௌகாத்தி காட்டன் கல்லூரியில் ஆடி, கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். படிப்பும் மோகன் பகானும் ஒரே நேரத்தில் ஓடின. 1948 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மூவண்ணக் கொடியைத் தாங்கி முன்னால் நடந்தவரும் இவர்தான்.

ஜூலை 31 அன்று பிரான்சோடு ஆட்டம். நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்கால். இரண்டு பெனால்டி கிடைத்தும் இரண்டையும் கோட்டைவிட்டார்கள். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1–2 என்று தோற்றாலும் லண்டன்காரர்கள் கைதட்டித் தீர்த்தார்கள். 1950-இல் எம்.பி.பி.எஸ். முடித்த ஆவ், நாகாலாந்து திரும்பி மருத்துவராகவே வாழ்ந்தார். 2018-இல் அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. மலைப்பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

கார்லைல் பையன்கள்

மலைவாழ் மக்கள் நிறைந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழியைத் தடைசெய்து படிக்கவைத்த உறைவிடப் பள்ளி கார்லைல். 1879-இல் தொடங்கி 1918-இல் மூடினார்கள். அங்கே நடந்த கொடுமையை எந்த வெற்றியும் ஈடுகட்டாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் மைதானத்தில் பெரிய கல்லூரிகளைத் திணறடித்தார்கள். 1911-இல் ஹார்வர்டை 18–15 என்று வென்றார்கள். மறு வருடம் ராணுவக் கல்லூரியை 27–6. தோற்ற அந்த அணியில் பிற்கால அதிபர் ஐசனோவர் இருந்தார்.

கார்லைலின் நட்சத்திரம் ஜிம் தோர்ப். அதே 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கி, மறு வருடமே அவற்றைப் பறிகொடுத்தார். முன்பு கொஞ்சம் காசுக்குப் பேஸ்பால் ஆடினாராம், அது குற்றமாம். அவர்தான் தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி முழுமையாக ஒப்புக்கொண்டது 2022-இல். தோர்ப் இறந்தது 1953-இல்.

நாய்க்கும் பெயர் உண்டு

இப்போது நம் ஊருக்கு வருவோம். செங்கம், மலைபடுகடாத்தில் பாடப்பட்ட நன்னன் ஊர். செய்யாற்றங்கரை. இந்த வட்டாரத்து நடுகற்களைத் தொகுத்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூலே போட்டது. மாடு மீட்கப் போய் விழுந்தவன், மாடு பிடிக்கப் போய் விழுந்தவன் என்று பெரும்பாலும் சாதாரண வீரர்கள். ராஜாக்கள் இல்லை.

எடுத்தனூர்க் கல்லைப் பாருங்கள். முதலாம் மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காத்து நின்று விழுந்த கருந்தேவக்கத்தியின் பெயர் அதில் இருக்கிறது. அவனோடு நின்று கள்வர்களைக் கடித்த நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். உருவமும் செதுக்கியிருக்கிறார்கள்.

1,400 வருடத்துக்கு முன் ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதிவைத்த மண் இது. அப்படிப்பட்ட இடத்தில், அறுபது எழுபது வருடத்துக்கு முன் கல்லூரிக்காக ஒரு பருவம் முழுக்க ஆடிய பிள்ளைகளின் பெயர் கிடைக்காமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. சிவானி ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தின் தேதியையும் புள்ளிக் கணக்கையும் இங்கிருந்தே சொல்ல முடிகிறது. காரணம், அவர்கள் அன்றன்றே எழுதிவைத்தார்கள்.

வந்தவாசிக் கண்ணன்

நம் மாவட்டத்து வந்தவாசியில் 1936-இல் பிறந்த தர்மலிங்கம் கண்ணன், 1960 ரோம் ஒலிம்பிக் இந்திய அணியில் இடம்பெற்றவர். கல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்கு ஆடினார். முப்பத்திரண்டு வயது நிறையும் முன்பே, 1968-இல் காலமானார். அதே ரோம் அணியில் கோலி பீட்டர் தங்கராஜ். வெல்லிங்டன் மதராஸ் ரெஜிமென்டுக்காக டூராண்டு கோப்பை வென்றவர். அங்கே பெரு நாட்டுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் அடித்த கோல்தான் ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசிக் கோல். இன்றுவரை!

உங்கள் வீட்டு அலமாரியில்

பழைய கல்லூரி அணிப் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நாற்காலியில் பிரின்சிபாலும் பி.டி. மாஸ்டரும், பின்னால் கைகட்டி நிற்கும் பையன்கள், கீழே தரையில் இரண்டு பேர், நடுவில் பந்து. பந்தின் மேல் வெள்ளையில் வருடம் எழுதியிருக்கும். அட்டையில் ஒட்டிய பெயர்ப்பட்டியல்தான் முதலில் கிழியும்.

செங்கம், போளூர், ஜமுனாமரத்தூர் பக்கத்தில் அப்படியொரு படம் வைத்திருப்பவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஆடிய பெரியவர் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயரையும் கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை படத்துக்குள் ஊறிவிடும். யார் கோலி, யார் பேக், எந்த ஊர்ப் பையன், அந்த வருடம் யாரோடு ஆடினார்கள், எத்தனை கோல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஆண்டு மலரின் கடைசிப் பக்கங்களில் விளையாட்டு அறிக்கை இருக்கும். பழைய மலர் கிடைத்தால் அதில் சரிபார்க்கலாம். படத்தைச் செல்போனில் இரண்டு பக்கமும் எடுத்து, படித்த கல்லூரியின் நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள்.